நீர்கொழும்புத் துரை

நீர்கொழும்பில் லாரி நின்றதும் கந்தப்பன் செய்த முதல் காரியம், செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. துரை இருக்கிற ஊரில் செருப்புக் காலோடு நடந்து, வருகிற வேலையைக் கெடுத்துக்கொள்ள அவன் என்ன முட்டாளா?

தலையில் தலைப்பாகை. உடம்பில் பக்கத்துக் காம்பரா வீட்டில் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு. கையில் செவ்வந்தி மாலையும் இரண்டு எலுமிச்சம்பழமும். டயகம மலைத்தோட்டத்துக் குளிருக்குத் தைத்த கோட்டு, கடற்கரை வெயிலில் அவனை அவித்துக்கொண்டிருந்தது.

"கோட்டக் கழட்டுங்க, மயக்கம் போட்டு விழுந்துருவீங்க," என்றாள் மனைவி ராக்காயி.

"விழுந்தா தொரை கால்லயே விழறேன். நீ வாய மூடிக்கிட்டு வா."

அவன் அவசரம் அவனுக்கு. தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போய், தோட்டத்தில் நூறு பேருடைய பேரை வெட்டிவிட்டார்கள். அதில் இந்த இரண்டு பேரும் அடக்கம். மாதக் கடைசிக்குள் வேறு எங்காவது வேலை கிடைக்காவிட்டால் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்த கந்தப்பனுக்கு இந்தியாவில் ஒரு நாயைக்கூடத் தெரியாது.

இந்த நேரத்தில்தான் நீர்கொழும்பில் பிழைக்கும் ராக்காயியின் தம்பி சோலைமலை, லாரி டிரைவர் வீரய்யாவிடம் சேதி சொல்லி அனுப்பினான். ஹட்டன் கடைகளுக்குக் கருவாடு ஏற்றி வரும் வீரய்யா, கேட்டதைக் கேட்டபடியே இறக்கினார்.

"இங்க பெரிய தொரை ஒண்ணு இருக்கு, எத்தன பேரு வந்தாலும் சோறு போடும், மச்சான உடனே வரச் சொல்லுங்கன்னு சொன்னாப்ல."

"தொரையப் போயி ஒண்ணு, ரெண்டுங்கிறான் பாரு! ஒருத்தருன்னு சொன்னா வாயில முத்து உதிர்ந்துருமா? கடக்காத்து பட்டதும் மரியாத போயிருச்சு பயலுக்கு!"

கந்தப்பன் ஏசினானே தவிர, அடுத்த தடவை லாரி கிளம்பும்போது முதல் ஆளாகத் தொற்றிக்கொண்டான். கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் ராக்காயி மூன்று தடவை வாந்தி எடுத்தாள். அவன் மாலையை மடியை விட்டு இறக்கவில்லை.

"தேயிலையே இல்லாத ஊர்ல தொரைக்கு என்னங்க வேல?"

"தென்னந்தோட்டம் இருக்கும். தொரைமாரு என்ன, தேயில மட்டுந்தான் வெப்பாங்களா?"

இப்போது எதிரே ஒரு கருங்கல் மதில் தெரிந்தது. "பங்களா!" என்று தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து ஒரு சலாம் வைத்தான் கந்தப்பன்.

"அண்ணே, அது ஒல்லாந்தர் கட்டுன பழைய கோட்டை. இப்ப மறியல் வீடு. உள்ள இருக்கிறதெல்லாம் கைதிங்க," என்று லாரியிலிருந்தே கத்தினார் வீரய்யா.

வைத்த சலாமைத் திருப்பி வாங்க முடியுமா? போகட்டும் என்று விட்டுவிட்டான்.

கடலோரப் பாதையில் மீன்கூடையோடு ஒருத்தி வந்தாள். அந்த ஊர் மீனவர்கள் தமிழும் பேசுவார்கள் என்பது அவன் செய்த புண்ணியம்.

"தாயி, தொரையப் பாக்கணும்."

"எந்தத் தொரை? பெரிய தொரையா, சின்னத் தொரையா?"

கந்தப்பனுக்கு உச்சி குளிர்ந்தது. தோட்டத்தில் இருப்பது போலவே பெரிய துரை, அவருக்குக் கீழே சின்னத் துரை. முறையான இடம்தான்!

"பெரிய தொரைதாங்க. ரொம்பக் கோவமோ?"

அவள் அவன் கோட்டை மேலும் கீழும் பார்த்தாள். "ஆனி ஆடியில கிட்டப் போக ஏலாது. மத்த நாளையில சாது."

"சின்னத் தொரை எப்பிடிங்க?"

"அது போச்சுது. போன மழையோட மண் மூடிட்டுது."

கந்தப்பன் தலைப்பாகையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முன்பின் பார்க்காத சின்னத் துரைக்காக அவன் கண் நிஜமாகவே கலங்கியது.

"ஐயோ பாவமே! புள்ளகுட்டி உண்டுங்களா?"

அவள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள்.

"எழவு விழுந்த எடத்துக்கு மாலையோட வந்திருக்கோம். பொருத்தந்தான்," என்றாள் ராக்காயி.

கரையில் படகுகள் முட்டிக்கொண்டு நின்றன. ஈரச் சாரத்தை மடித்துக் கட்டியபடி சோலைமலை ஓடி வந்தான்.

"வாங்க மச்சான்! அக்கா, வா! எல்லாம் பேசிட்டேன். மச்சான் நாளையிலருந்து வலை இழுக்க வரலாம். அக்காவுக்குக் கருவாடு காயப்போடுற வேல. தங்கக் கரையில ஒரு வாடிக் குடிசையும் குடுக்கிறாங்க."

"அப்ப... கப்பலேற வேண்டாமாடா?"

"எதுக்கு ஏறணும்?"

அவ்வளவுதான். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் உடைந்து, கந்தப்பன் விக்கி விக்கி அழுதான். ராக்காயியும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தொரையக் காட்டுடா சோலமல," என்றான், மீன்செதில் ஒட்டிய ஈர மணலில் கணுக்கால் புதைய நின்று, மாலையை இரண்டு கையாலும் ஏந்தியபடி. "வகுறு எரியாம காப்பாத்துன மகராசன். இந்த மாலையப் போட்டு, கால்ல விழுந்து கும்பிட்டாத்தான் என் மனசு ஆறும். எங்க இருக்காரு?"

சோலைமலை மாலையைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். கக்கத்துச் செருப்பைப் பார்த்தான். அப்புறம் மெல்லக் குனிந்து மச்சானின் வெறுங்காலைப் பார்த்தான்.

"தொரை இல்ல மச்சான், படகுத் தொறை, அதுமேலதான் நிக்கிறீங்க!"