விரிசலுக்குள் ஒரு கை

பாலத்தின் மூன்றாவது தூணில் விரிசல் விட்டிருக்கிறது என்று பொறியாளர் ஆறு வருடமாக வாரியக் கூட்டத்தில் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது அட்டவணை காட்டுவார். பத்தாவது வருவதற்குள் தலைவர் குறட்டை விட்டுவிடுவார். மேலதிகாரி மட்டும் முதுகில் தட்டிக்கொடுப்பார்.

"உங்களை மாதிரி புள்ளிவிவரம் யாராலயும் சொல்ல முடியாது. அடுத்த வருஷமும் நீங்கதான் பேசணும்."

"வெறுத்துப்போச்சு. பாலம் விழுந்தாத்தான் முழிச்சுக்குவாங்க போல," என்று வீட்டில் புலம்பினார் பொறியாளர்.

"நீங்க பேசினா நானே தூங்கிடுவேன்," என்றாள் மனைவி. "அட்டவணையை மூட்டை கட்டி வச்சுட்டு ஒரு படத்தைக் காட்டுங்க. நடந்ததைக் கதையாச் சொல்லுங்க."

ஏழாவது வருடம் திரையில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. விரிசலுக்குள் பொறியாளரின் கை மணிக்கட்டு வரை நுழைந்திருந்தது.

"நான் இப்படிக் கையை விட்டிருந்தப்போ மேல பள்ளிக்கூட பஸ் வந்துச்சு. விரிசல் என் கையைக் கவ்விப் பிடிச்சுது. பஸ் தாண்டினப்புறம்தான் விட்டுது. அந்தப் பஸ்ல முப்பத்திரண்டு புள்ளைங்க, சார். தினமும் போறாங்க."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னைக்கே பாலத்தை மூடுங்க! கட்டினவன் யாருன்னு விசாரிங்க!"

பொறியாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே வந்ததும் மேலதிகாரி அவரைத் தாழ்வாரத்து மூலைக்கு இழுத்துப்போனார்.

"படம் காட்டச் சொல்லி உனக்கு யாருய்யா சொன்னது?"

"இத்தனை வருஷமா யாருமே காது கொடுத்துக் கேக்கலையே, சார்..."

"அதைக் கட்டினது என் மச்சான்யா! யாரும் கேக்கக் கூடாதுன்னுதானே வருஷாவருஷம் உன்னையே பேச அனுப்பினேன்?"