கூடையில் இருந்த மிட்டாய்

இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூங்கோதைக்கு, ஏரியைச் சுற்றி மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவதில்தான் சந்தோஷம். சைக்கிள் கூடையில் எப்போதும் கொஞ்சம் மிட்டாய் வைத்திருப்பாள்.

"சர்க்கரைக்காரி வண்டியில் உனக்கென்ன வேலை?" என்று சைக்கிள் கேட்டது.

"திடீரென்று சர்க்கரை இறங்கினால் அவளைக் காப்பாற்ற நான்தான் வேண்டும்" என்றது மிட்டாய்.

ஒருநாள் அவள் கணவன் திருமேனி கூடையைப் பார்த்தான். "திருட்டுத் தீனியா?" என்று முணுமுணுத்து, மிட்டாயை எல்லாம் குப்பையில் போட்டான். "வேண்டாம், போடாதே" என்று சைக்கிள் தடுத்துப் பார்த்தது. அவன் காதில் அது கிறீச்சென்றுதான் விழுந்தது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுப் போய்விட்டான்.

மறுநாள் பாதி வழியில் பூங்கோதைக்கு வேர்த்துக் கொட்டியது. கூடையைத் துழாவினாள். ஒன்றுமில்லை. அப்படியே ஹேண்டில்மேல் கவிழ்ந்தாள்.

"காலையிலேயே குடியா?" என்று நடக்க வந்தவர்கள் விலகிப் போனார்கள். வெகுநேரம் கழித்துத்தான் யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

பிழைத்து வந்தவளிடம், "எல்லாம் இந்த வண்டியாலதான். இனிமே வீட்டுக்குள்ளேயே இரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்ற திருமேனி, சைக்கிளைச் சங்கிலியால் கட்டிப் பூட்டினான்.

"நீ யார்?" என்று பூட்டைக் கேட்டது சைக்கிள்.

"நானும் அவள் நல்லதுக்குத்தான் வந்திருக்கிறேன்" என்றது பூட்டு.