பத்தரை மணிக்கு எகிறிய கோடு

“போலீசைக் கூப்பிடறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை கேக்கறேன். சங்கிலி எங்கே?”

அராபா கையில் போனுடன் நின்றாள். சமையலறை வாசலில் மெமூனா தலை குனிந்து நின்றாள். கானா நாட்டின் வடக்கே தமாலேவிலிருந்து, தெற்கே கடலோரத் தகோராடியில் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

“எனக்குத் தெரியாது ஆன்ட்டி.”

“நேத்து பத்து மணிக்கு நீ பையைத் தூக்கிட்டு வெளிய போனியாம். பக்கத்து வீட்டுல பார்த்திருக்காங்க. எங்க வித்த?”

“நான் எங்கயும் போகல ஆன்ட்டி. வீட்டுலதான் துணி இஸ்திரி போட்டுட்டு இருந்தேன்.”

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் எபோ சட்டென்று நிமிர்ந்து மெமூனாவைப் பார்த்தான். அவன் முன்னால் சனிக்கிழமைச் சோளக் கஞ்சி ஆறி ஏடு கட்டிக்கொண்டிருந்தது.

“விடு அராபா. அவ எடுத்திருக்க மாட்டா,” என்றான்.

“உனக்கு எப்படித் தெரியும்? நான் சந்தையில கடையில இருந்தேன். நீ துறைமுகத்துல ஆபீசுல இருந்த. வீட்டுல இவளைத் தவிர யாரு இருந்தா? எங்கம்மா கல்யாணத்துக்குப் போட்ட சங்கிலி, எபோ. காலு முளைச்சு நடந்தா போச்சு?”

எபோ கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். இந்தப் பெண் எடுக்கவில்லை. அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தனக்குச் சந்தேகம் இல்லை என்பதை எந்த ஸ்டேஷனில் சாட்சியாக எழுதிக்கொள்வார்கள்? அந்தச் சங்கிலி எப்படிப் போயிருக்கும் என்று அவனால் ஊகிக்க முடிந்தது, வெளியே சொல்லத்தான் முடியாது. மெமூனாவுக்கு இந்த ஊரில் ஏன் என்று கேட்கக்கூட ஒரு ஆள் கிடையாது. இன்றைக்கு உள்ளே போனால் எப்போது வெளியே வருவாளோ, அந்தப் பாவத்தைத் தன்னால் சுமக்க முடியாது என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

அராபா எண்களை அழுத்தத் தொடங்கினாள்.

“நில்லு. அவ வீட்டுலதான் இருந்தாங்கறதுக்கு ஆதாரம் இருக்கு. நம்ம மீட்டர்.”

சொன்ன பிறகு எபோ நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“என்ன உளர்றே? மீட்டர் என்ன சொல்லும்?”

“இது பழைய மீட்டர் மாதிரி சும்மா வட்டு சுத்திட்டு இருக்கறது இல்ல. அரை மணிக்கு ஒரு தடவை எவ்வளவு கரண்ட் போச்சுன்னு தானே குறிச்சு ஆபீசுக்கு அனுப்பிடும். அங்கேயிருந்து என் போனுக்கு வந்துடும்.”

“சும்மா கதை விடாத. சுவத்துல மாட்டியிருக்கிற டப்பாவை நானும்தான் தினம் பார்க்கறேன். முன்கூட்டிக் கட்டின காசுல மீதி எத்தனை யூனிட்டுன்னு மட்டும்தான் காட்டுது.”

“டப்பாவுல அவ்வளவுதான் தெரியும். மணிவாரியா பார்க்கணும்னா என் போன்ல, என் ரகசிய எண்ணைப் போட்டாத்தான் முடியும்.”

“அதெல்லாம் எனக்கு எதுக்கு? போலீசே வந்து பார்த்துக்கட்டும்.” அராபா போனைக் காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடிப்பது எபோவுக்கும் கேட்டது. ஒருமுறை, இருமுறை. மெமூனா மூலையில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள்.

“வை போனை. காட்டறேன்,” என்றான் எபோ. அராபா அழைப்பைத் துண்டித்தாள்.

ரகசிய எண்ணைப் போடும்போது கட்டைவிரல் இரண்டு தடவை தப்பான இடத்தில் பட்டது. மூன்றாவது தடவை திறந்துகொண்டது.

“இங்க பாரு. நேத்து, வெள்ளிக்கிழமை. காலையில நாம கிளம்பினதும் கோடு தரையோட தரையா போகுதா? அது ஃப்ரிட்ஜ் மட்டும் இழுக்கறது. பத்தரைக்குப் பாரு, ஒரேயடியா எகிறுது. பன்னிரண்டரை வரைக்கும் இறங்கல. ஆயிரம் வாட்டுக்கு மேல.”

“அப்படின்னா?”

“அப்படின்னா யாரோ வீட்டுல இருந்து பெருசா எதையோ ஓட்டியிருக்காங்க. வேற என்ன, இஸ்திரிப் பெட்டிதான். அவ சொன்னது நிஜம். பக்கத்து வீட்டுல வேற யாரையோ பார்த்துட்டு சொல்றாங்க.”

“மீட்டர் தப்பா காட்டாதே?”

“மனுஷன் பொய் சொல்லுவான். மீட்டர் சொல்லாது.”

அராபா அவன் கையிலிருந்து போனை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலால் திரையைத் தள்ளினாள்.

“இது போன வெள்ளிக்கிழமையா? அதே பத்தரை, அதே பன்னிரண்டரை.” இன்னொரு தடவை தள்ளினாள். “அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையும்.”

“வெள்ளிக்கிழமைதான் அவ துணியெல்லாம் இஸ்திரி போடறா போல,” என்றான் எபோ. அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

அராபா போனை மேசை மேல் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

“மெமூனா, நீ போய் கடையைத் திற. நான் பின்னாடியே வரேன். இவ்வளவு நேரம் திட்டினதை மனசுல வச்சுக்காத.”

“சரி ஆன்ட்டி,” என்று மெமூனா வெளியே போனாள். போகும்போது எபோவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“சங்கிலி பத்திரமா எங்கம்மாகிட்ட இருக்கு,” என்றாள் அராபா. “வெள்ளிக்கிழமையானா யூனிட் மளமளன்னு குறையறதை டப்பாவுல பார்த்துட்டுத்தான் இருந்தேன், எந்த நேரத்துலன்னுதான் தெரியல. அதை உன் கையாலயே திறந்து காட்ட வைக்கணும்னுதான் மெமூனாவும் நானும் சேர்ந்து இத்தனை நாடகமும். இஸ்திரிப் பெட்டி ரிப்பேருக்குப் போய் ஒரு மாசம் ஆச்சு, வெள்ளிக்கிழமை தவறாம மெமூனா எங்கேயோ வெளிய போறான்னு நீ நினைச்ச, அவ என்கூட கடையிலதான் இருக்கா. இப்பச் சொல்லு எபோ, நம்ம படுக்கையறையில ஏசியைப் போட்டுட்டு உன்கூட இருந்தவ யாரு?”