எண் ஒன்றை அழுத்தவும்

லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றதும் மேனேஜர் என்னைத்தான் முறைத்தார். கம்ப்யூட்டர்காரன் கை பட்டால் எதுவும் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி.

"பதறாதீங்க சார், அவசர போன் இருக்கு" என்றேன்.

சுவரில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் ஆபீஸுக்கு மணி அடிக்கும். மறுபடி அழுத்தினால் இணைப்பு துண்டாகும். எங்கள் செல்போன்களில் சிக்னல் சுத்தம். அடுத்த இரண்டு நாள் விடுமுறை. கடைசியாகக் கிளம்பியது நாங்கள்தான் என்று நினைத்தேன்.

மேனேஜர் அழுத்தினார். மணி அடித்து ஓய்ந்தது. பிறகு ஓர் இனிமையான குரல்.

"வணக்கம். விற்பனைக்கு எண் ஒன்றை அழுத்தவும். புகாருக்கு எண் இரண்டை..."

எண்ணுக்கு நாங்கள் எங்கே போவது?

அந்த மெனுவைச் செய்தவன் நான். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு, எந்த அழைப்பு எங்கே போக வேண்டும் என்று வரிவரியாக எழுதிவைத்தேன். லிப்டிலும் ஒரு போன் இருப்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதற்கு எனக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

குரல் டெலிபோன் ஆபரேட்டர் அக்காவுடையது. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்தான் என்று சொல்லி மேனேஜர் பேசிப் பதிவு செய்ய வைத்தார். "சிரிச்சுக்கிட்டே பேசணும் தம்பி, அப்பத்தான் குரல் நல்லா இருக்கும்" என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தபடி அக்கா பேசி முடித்தார், பாவம். இன்று மத்தியானம் அவரை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள்.

லிப்டில் ஏறும்போதுகூட மேனேஜர் கேட்டார், அக்காவின் மேசை போனைப் பிடுங்கியாச்சா என்று. ஆச்சு சார் என்றேன்.

எண் எதுவும் அழுத்தாவிட்டால் அழைப்பு மேனேஜரின் வாய்ஸ்மெயிலுக்குப் போகும். போனது. "முக்கியமான வேலையில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்லவும்" என்றது அவர் குரல். மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, லிப்டில் மாட்டிக்கொண்ட செய்தியைத் தனக்கே சுருக்கமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாம் தடவையும் இதே கூத்து.

மூன்றாம் தடவை மணி பாதியிலேயே நின்றது.

"வணக்கம்..."

"அட எழவே, திரும்பவும் ஆரம்பிச்சிருச்சு!" மேனேஜர் பொத்தானை ஓங்கிக் குத்தினார். இணைப்பு துண்டானது.



அக்காவின் மேசை போனை நான் பிடுங்கவில்லை. அக்கா மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். அவர் கண்ணெதிரே வயரை உருவ மனசு வரவில்லை. மணி முதலில் அங்கேதான் அடிக்கும். யாரும் எடுக்காவிட்டால்தான் மெனு. எல்லோரும் போகட்டும், பிறகு கிளம்பலாம் என்று அக்கா இருந்திருப்பார். இனி அது தன் வேலையில்லை என்று இரண்டு தடவை விட்டிருப்பார். மூன்றாம் தடவை பழகிய கை கேட்கவில்லை.

மேனேஜரை ஒதுக்கிவிட்டு நானே அழுத்தினேன். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது.

"வணக்கம். விற்பனைக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்றார் பதிவில் இருந்த அக்கா, சிரித்துக்கொண்டே.

சற்றுமுன் சொன்ன வணக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் இருந்தது.