செத்தவர்களின் காது

கரமனை வீட்டில் மழை ஓய்ந்த மதியம். சின்னக் குழுக்கள் உருவாக்கிய ஜோம்பி விளையாட்டுகளின் டெமோக்களை ஜானவி ஒவ்வொன்றாக ஆடிப் பார்க்கிறாள். பாதி சாத்திய கதவுக்கு அப்பால் அப்பா படுத்திருக்கிறார். பக்கவாதம் வந்து நாற்பது நாளாக அவர் தொண்டையிலிருந்து சிறு ஒலிகூட எழவில்லை. ஒலி வந்தால் பேச்சும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இது நான்காவது டெமோ. இதில் வரும் பிணங்களுக்குக் கண் கிடையாது. லேப்டாப்பின் மைக்தான் அவற்றின் காது. அறையில் எழும் ஒலி திரையின் மூலையில் பச்சைக் கோடாக உயரும். பாதியைத் தாண்டினால் அவை திரும்பி நடக்கத் தொடங்கும். அதனால்தான் அண்ணன் ஸ்ரீநிவாஸ் ஃபேனை அணைத்துவிட்டு அருகில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஒரே இயர்போன், ஆளுக்கொரு காது, அதில் வேறெதையும் கேட்கவிடாத காற்றின் ஊளை. வெளிறிய முதுகுகள் அசையாமல் நிற்கின்றன. கோடு உயர்கிறது, இறங்குகிறது, மறுபடி உயர்கிறது. முதுகுகள் திரும்புகின்றன.

“நீயா அண்ணா?”

“நான் மிண்டவே இல்லடி, வாயே திறக்கல.” அந்தக் கிசுகிசுப்புக்குக் கோடு துளிதான் அசைகிறது. பிறகு யாரும் பேசாமலே பாதியைத் தாண்டி எழுகிறது. ஜானவி இயர்போனைக் கழற்றிக் கதவைப் பார்க்கிறாள்.

“ஓடுடி, பிடிச்சுடும்,” என்று ஸ்ரீநிவாஸ் விசைப்பலகைக்குக் கையை நீட்டுகிறான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

“மிண்டாதே. அது அப்பா.”

கண்ணில்லாத முகங்கள் திரையை நிறைக்கின்றன. அவற்றுக்கு மேலே, மூலையில், கோடு இன்னொரு முறை உயர்கிறது.