வாசல் தாண்டாத மெஷின்

"மெஷின மட்டும் கேக்காத. அது வாசல் தாண்டாது."

மனைவி இப்படி முகத்தில் அடித்தாற்போல் சொன்னதும் பஸ் டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டவள் வேற்று ஆளா என்ன? அவருடைய கூடப் பிறந்த தங்கை.

தங்கை புருஷன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இரவலாக ஒரு தையல் மெஷின் கிடைத்தால் வீட்டிலேயே நாலு துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டிவிடலாம் என்று நம்பி வந்திருந்தாள். அண்ணி தொழிலே தையல்தான். புது மெஷின் வாங்கிய பிறகு பழையது மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"சும்மாதானே கிடக்கு?" என்றார் டிரைவர்.

"கிடக்கட்டும். தைக்கணும்னா தினமும் இங்க வந்து தைக்கட்டும்."

"நாலு தெரு தாண்டி, இந்த வெயில்ல நடந்து வரணுமா அவ?"

"நடக்கட்டும். உடம்புக்கு நல்லது."

தங்கை வாயில்லாப் பூச்சி. கடைக்காரர் மீதிச் சில்லறை தர மறந்தால்கூடக் கேட்கத் தெரியாமல் வீட்டுக்கு வந்துவிடுகிற ரகம். "சரி அண்ணி, வரேன்" என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை டிரைவர் பார்த்துவிட்டார். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"அது இருக்கட்டும். சாப்பாடு ஆறுது, வந்து உக்காருங்க."

தங்கை வர ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு மனைவி செய்த காரியம் டிரைவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பழைய மெஷினைத் தெரு வாசலை ஒட்டி, போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி போட்டு அவளை அங்கே உட்கார வைத்தாள். தான் மட்டும் உள் அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ வாசல்ல, நீ உள்ள மகாராணியாட்டமா?"

"வெளிச்சம் அங்கதாங்க நல்லா இருக்கு."

லீவு நாளில் டிரைவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காதை மட்டும் வாசல் பக்கம் அனுப்பிவைப்பார். வந்து சேர்ந்ததெல்லாம் நிம்மதியாகக் கேட்கிற சங்கதியாக இல்லை.

"காலர் ஒரு பக்கமா இழுக்குது. பிரி."

"பிரிச்சுத்தான் அண்ணி மறுபடி தைச்சேன்."

"அப்ப இன்னொரு தடவை பிரி."

துணி கொடுக்க யாராவது வந்தால் மனைவி எழுந்தே வரமாட்டாள். "அவகிட்டயே அளவு குடுங்க" என்று குரல் மட்டும் வரும். ஒருநாள் ஒரு அம்மாள் தைத்த கவுனை வாங்கிக்கொண்டு கூலி என்னவென்று கேட்க, தங்கை நெளிந்தாள்.

"பரவால்லக்கா, இருக்கறதக் குடுங்க."

அந்த அம்மாள் இருந்ததைக் கொடுத்தாள். அது நூல் வாங்கக்கூடக் காணாது.

அவள் தலை மறைந்ததும் உள்ளேயிருந்து இடி இறங்கியது.

"பரவால்லங்கற வார்த்தைய நாளைக்கு உன் வீட்டுலயே வச்சுட்டு வா. முதல்ல கூலியச் சொல்லு, அப்புறம் துணியத் தொடு. புரியுதா?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். டிரைவர் பேப்பரை மடித்து வைத்தார். பட்டது போதும். சம்பளத்தில் கடன் போட்டாவது தங்கைக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்து, இந்தப் பிசினாறியின் மூஞ்சியில் கரியைப் பூச வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தார்.

கடன் கைக்கு வரச் சில மாதம் ஆனது. வந்த அன்றே தங்கையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமே இவகிட்ட வந்து நீ கைகட்டி நிக்க வேணாம். புது மெஷின் நான் வாங்கித் தரேன்."

"வேணாம்ண்ணா" என்று அவள் சிரித்தாள். "நானே வாங்கிட்டேன். சாயங்காலம் வருது. நீ வந்து மாடிக்குத் தூக்கி வச்சாப் போதும்."

"ஏது உனக்கு அவ்வளவு பணம்?" என்றார் டிரைவர்.

"ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு டான்ஸ் டிரஸ் பூரா என்கிட்டதான் குடுத்திருக்காங்க. கூலியக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன்."

முடியாது. பிறந்ததிலிருந்து அந்த வாயில் அவர் கேட்டறியாத சொல் அது.

சாயங்காலம் மாப்பிள்ளை ஒரு பக்கம், இவர் ஒரு பக்கமாகப் புது மெஷினைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கம்பக்கமே பார்த்தது. தங்கை தலை நிமிர்ந்து முன்னால் போனாள், "சுவத்துல இடிக்காதீங்க, பாத்து" என்று இரண்டு பேரையும் அதட்டிக்கொண்டே. டிரைவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை மனைவி முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"பாத்தியா? நீ படுத்தின பாட்டையெல்லாம் மீறி என் தங்கச்சி ஜெயிச்சுட்டா."

"ஆமாங்க, கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வாளிகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பக்கத்துத் தெரு டீச்சர், துணிப்பையோடு வந்து நின்றார்.

"தையல்காரம்மாவுக்குக் கை எப்படிங்க இருக்கு?"

"கையா?"

"என்னங்க, தெரியாத மாதிரி கேக்கறீங்க. மணிக்கட்டு போயிருச்சு, இனிமே என்னால முன்ன மாதிரி தைக்க முடியாது, என் நாத்தனாருக்கு என்னைவிட நல்ல கை, அவகிட்டயே குடுங்கன்னு தெரு பூரா சொல்லிட்டு வந்தாங்களே. வருஷா வருஷம் அவங்க தைக்கற எங்க ஸ்கூல் ஆர்டரக்கூட அப்படித்தானே அவளுக்கு மாத்தி விட்டாங்க."

டிரைவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். பின்பக்கம் அவர் மனைவி, கைக்கு ஒன்றாய் நிறைந்த வாளிகளைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மொட்டைமாடிப் படி ஏறிக்கொண்டிருந்தாள்.

சட்டென்று அவர் நகர்ந்து, டீச்சர் கண்ணில் படாதபடி வாசலை அடைத்து நின்றுகொண்டார்.

"எங்கங்க டீச்சர், அந்தக் கை இன்னும் சரியாகவே இல்ல. துணிய என் தங்கச்சிகிட்டயே குடுத்துருங்க."