சொந்தச் சரக்கு

அந்த ஆப்பிரிக்க நகரம் உலகப் படத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சக்கரவர்த்தி திருதிருவென்று விழிப்பார். ஆனால் மூன்று வருடங்களாக அவருக்குச் சோறு போடுவது அந்த நகரம்தான்.

'திகில் சக்கரவர்த்தி' என்பது வாரப் பத்திரிகை ஒன்று கொடுத்த பட்டம். வாசல் கதவில் பெயருக்குப் பதில் அதையே பித்தளையில் பொறித்து மாட்டியிருந்தார். அவர் எழுதிய குற்றக் கதைகள் எல்லாமே அந்த நகரத்தை வைத்து வந்த ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்புகளிலிருந்து சுட்டவை. அதையும் அவர் சொந்தமாகச் சுடவில்லை. ஆங்கிலம் அவருக்குத் தகராறு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மனைவிதான் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்த தொகுப்பைப் பிரித்து, கதை கதையாகத் தமிழில் படித்துச் சொல்வாள். இவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்பார்.

"நெரிசல் பஸ், கரண்ட் கட்டு, கை நீட்டுற கான்ஸ்டபிள்... இதுக்கு எதுக்குடி ஆப்பிரிக்கா? நம்ம தெருவுல இல்லாததா?" என்று உதட்டைப் பிதுக்குவார். "எழுதத் தெரியாதவன் எல்லாம் எழுத வந்துட்டான். நான் கை வெச்சாத்தான் இதெல்லாம் கதையாகுது."

ஒருநாள் அவள், "ஓரமா என் பேரையும் போடுங்களேன்" என்று கேட்டுவிட்டாள். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

"உன் பேரா? அப்புறம் ஃபேனுக்கும் பேர் போடணும். நான் எழுதறப்போ அதுவுந்தான் சுத்துது!"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அன்று காலை புது இதழ் கடைக்கு வந்திருந்தது. தம் கதையைத் தாமே இரண்டாவது முறை படித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார் சக்கரவர்த்தி. வாசலில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். அவர் கையிலும் அதே இதழ்.

ரசிகர் என்று நினைத்துப் பேனாவைத் திறந்தார்.

"கையெழுத்து அப்புறம் போடலாம். உக்காருங்க" என்றார் இன்ஸ்பெக்டர், ஏதோ அது தம் வீடு என்பதுபோல. "உங்க கதையில ஒருத்தன் ஆஸ்பத்திரி ஊழியன் வேஷத்துல பணக்காரப் பேஷண்டோட ரூமுக்குப் போறான். 'ஸ்கேன் எடுக்கணும், உடம்புல நகை இருக்கக் கூடாது, கழட்டித் தாங்க'ன்னு வாங்கிட்டு, நிதானமா வெளியே நடந்து போயிடறான். சரிதானே?"

"எப்படி நம்ம ஐடியா?"

"பிரமாதம். போன மாசம் பெரிய ஆஸ்பத்திரியில எவனோ அதை அப்படியே செஞ்சிட்டான். மில் ஓனர் சம்சாரத்தோட வைர நெக்லஸ் போச்சு. மாஸ்க், குல்லா, வெள்ளைக் கோட்டு. ஜுர மயக்கத்துல கிடந்த அந்தம்மாவுக்கு வேற ஒண்ணும் ஞாபகம் இல்லை."

"என் கதையைப் படிச்சிட்டுத்தான் செஞ்சிருப்பான்!" சக்கரவர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை.

"இதழ் இன்னைக்குத்தானே வந்துச்சு? பத்திரிகை ஆபீசுல விசாரிச்சேன். நீங்க கதையை அனுப்பினதே திருட்டுக்கு மறுநாள்தான். அப்போ அதுக்கு முன்னாடி இந்தத் தந்திரம் யாருக்குத் தெரியும்?"

சக்கரவர்த்தி திறந்த பேனாவை மூடினார்.

"இது வேற எங்கேயாவது படிச்சதா? அப்படின்னா புத்தகத்தைக் காட்டுங்க. நான் போயிட்டே இருக்கேன்."

ஒரு வார்த்தை போதும். தொகுப்பு உள்ளறைக் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பாராட்டு விழா. 'யாரையும் காப்பியடிக்காத சுயசிந்தனையாளர்' என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது.

"நான் அடுத்தவன் கதையைப் படிக்கிறவனே இல்லை" என்றார் விறைப்பாக. அதில் பொய் ஒன்றும் இல்லை. படிக்கக் கேட்டதோடு சரி. "எல்லாம் என் மூளையில உதிச்சது."

இன்ஸ்பெக்டர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்தக் கதை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

சக்கரவர்த்தி கண்ணாலேயே மனைவியிடம் கெஞ்சினார்.

"எனக்கு என்ன சார் தெரியும்? கதையெல்லாம் அவரோடதுதான்."

"போன மாசம் முதல் திங்கக்கிழமை சாயங்காலம் இவர் வீட்டுல இருந்தாரா?"

"தெரியலையே சார். நான் டெய்லர் கடைக்குப் போயிருந்தேன்."

'இருந்தார்னு ஒரு பொய் சொன்னா வாய் வெந்தா போயிடும்? அசடு!' என்று பல்லைக் கடித்தார் சக்கரவர்த்தி. ஆனாலும் மானத்தைக் காப்பாற்றிவிட்டாளே என்று நெஞ்சு குளிர்ந்தது.

"கிளம்புங்க, ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு புறப்பட்டார். வக்கீலைப் பிடித்தால் வெளியே வந்துவிடலாம். பேப்பரில் படம் வரும். சக்கரவர்த்தி யோசித்தால் நிஜத் திருடனே தோற்றான் என்று ஊர் பேசும். பக்கத்து வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தவர்களுக்கு, ஜீப்பில் ஏறும்போது கைகூட அசைத்தார்.

ஜீப் தெருமுனை திரும்பும் வரை மனைவி வாசலில் நின்றாள். பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு, தொகுப்பை எடுத்துக்கொண்டு அவருடைய சாய்வு நாற்காலியில் வந்து சாய்ந்தாள்.

கழுத்தில் வைர நெக்லஸ் மினுமினுக்க அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தாள். ஊழியன் வேஷத்தில் திருடியது ஒரு நர்ஸ் என்று தெரியவந்து, பழியைப் புருஷன் தலையில் கட்டிவிட்டு அவள் தப்பிக்கிற அந்தப் பக்கத்தை மட்டும் அவள் அவருக்குப் படித்துச் சொல்லவே இல்லை.